கழலை கரையவில்லை

பெரியகல்லாற்றில் இறங்கி என்னைப் பற்றி விசாரித்தால் இரண்டு கதை சொல்வார்கள். ஒன்று, பஸ் கொண்டக்டர் சாமுவேலின் கழுத்துக் கழலை ஜெபத்தால் ஒரே கிழமையில் கரைந்து போனது. மற்றது, அதை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தது. இரண்டாவதுதான் உண்மை. முதலாவது கதையைக் கட்டிவிட்டவனும் நான்தான். வாய்க்கு வாய் ஓடிவிட்ட பொய்யை வாயாலேயே துரத்திப் பிடிக்க ஏலாது என்று கண்டபிறகு இதை எழுதக் குந்தியிருக்கிறேன்.

முதலில் என் தொண்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பு – கல்முனை வீதியில் இருபத்திரண்டு வருசமாகக் கொண்டக்டர் வேலை. பின்கதவில் நின்று நான் ‘களுவாஞ்சிகுடி’ என்றால் முன்சீட்டில் நித்திரை கொள்கிறவன் திடுக்கிட்டு எழும்புவான். ஞாயிற்றுக்கிழமையில் அதே தொண்டைதான் எங்கள் மெதடிஸ்த கோயிலில் பாட்டெடுக்கும். கோயிலில் ஓர் ஓர்கன் இருக்கிறது, கடல்காற்றுப் பட்டு அதன் உள்ளெல்லாம் துருவேறி ஊமையாகக் கிடக்கிறது. அதனால் நான் முதல் வரியை எடுத்துக் கொடுத்தால்தான் சபை பாடும். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

கழலையை முதலில் கண்டது என் மனிசி எஸ்தர். வேலைக்குப் போகும்போது சேட்டின் மேல் பட்டனைப் பூட்ட ஏலாமல் நான் இழுபட்டுக்கொண்டு நின்றேன். கிட்ட வந்து பார்த்தாள்.

“இதென்னகா தொண்டைக்க, கோழிமுட்டையா?”

“கொழுப்பு வச்சிரிக்கும்.”

“உங்களுக்குக் கொழுப்பு எங்க எண்டு எனக்குத் தெரியும். இது அது இல்ல. கிளினிக்குக்குப் போங்க.”

போனேன். மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கில் குந்தியிருப்பது தனிக்கலை. எல்லாரும் பக்கத்தில் இருப்பவரின் வருத்தத்தைக் கேட்பார்கள், தங்களுடையதைக் கொஞ்சம் பெருப்பித்துச் சொல்வார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருசம் கத்தினவனுக்கு அன்றைக்குக் கதை வரவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு மெல்லிய ஊசியொன்றைக் கழலைக்குள் விட்டு, அதிலிருந்து கொஞ்சம் உயிர்க்கலங்களை உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஊசி நோகவில்லை. அதன்பிறகு முடிவு வரும்வரை காத்திருந்த மூன்று கிழமைதான் நொந்தது.

முடிவைச் சொன்னது ஒரு டொக்டர் பிள்ளை, என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஒரு கடதாசித் துண்டைத் திருப்பிப்போட்டுப் படம் கீறினார். தைரொயிட் என்ற சுரப்பி தொண்டையின் முன்பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் கழலை. ஊசியில் வந்த கலங்கள் சந்தேகமாக இருக்கின்றன, புற்றுநோய் என்று உறுதியாகச் சொல்லவும் ஏலாது, இல்லை என்று விடவும் ஏலாது. சுரப்பியை எடுத்துவிட்டு முழுதாகச் சோதித்தால்தான் தெரியும்.

“எடுத்தா மாத்திர குடிச்சுக்கொண்டு நல்லா இருக்கலாம் ஐயா. ஒண்டு சொல்லத்தான் வேணும். இதுக்குப் பின்னால, குரலுக்குப் போற நரம்பு நூல் மாதிரி ஓடுது. நாங்க கவனமாத்தான் செய்வம். கன பேருக்கு ஒண்டும் ஆகிறதில்ல. சில பேருக்குக் குரல் கொஞ்சம் மாறலாம். அரிதா, போயும் போகலாம்.”

அவர் சொன்னது இத்தனையும். என் காதில் விழுந்தது ‘போகலாம்’ மட்டும்தான்.

அன்றிலிருந்து நான் மனிசனாக இருக்கவில்லை. பஸ்ஸில் மிச்சக்காசைப் பிழையாகக் கொடுத்தேன். ஒன்றுமில்லாமல் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை வேர்க்கும், மூச்சு அரைவாசியில் நிற்கும். கிணற்றடியில் வாளியைத் தூக்கிக்கொண்டு ‘ஆ’ என்று பாடிப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று. ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது. எஸ்தர் குசினிக்குள் இருந்து, “இரிக்கி, இரிக்கி, ஒருத்தரும் கொண்டுபோகல்ல” என்பாள். எனக்குக் கோபம் வரும். ஜெபமும் பண்ணினேன்தான். ‘ஆண்டவரே, ஒப்பரேசன் வேணாம், ஒப்பரேசன் வேணாம்’ என்று அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் திகதி குடுத்தார்கள். அதற்கு முதல் கிழமை வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்து, சபையார் என் தலையில் கைவைத்து அழுது ஜெபித்தார்கள். அடுத்து வந்தது மாதத்தின் முதல் ஞாயிறு.

எங்கள் சபையில் முதல் ஞாயிறு சாட்சி நேரம் உண்டு. கிடைத்ததற்கு மட்டுமல்ல, கிடைக்கப்போவதற்கும் எழும்பி நன்றி சொல்வது எங்கள் பழக்கம். மகனுக்கு வேலை வரமுன்னமே ‘தந்ததுக்காக ஸ்தோத்திரம்’ என்பார்கள். அதில் பிழை சொல்ல மாட்டேன், அவர்கள் நம்பிச் சொல்கிறார்கள். நான் அன்றைக்கு எழும்பியது, எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்கத்தான். சத்தியமாக அதற்குத்தான். எழும்பி நின்றபோது எல்லா முகமும் என்னைப் பார்த்தது. பாட்டுக்காரன், விசுவாசி, கலங்காதவன் என்று என்னை நினைத்திருக்கிற முகங்கள். வாய் தானாகத் திறந்தது.

“ஆண்டவர் என்னத் தொட்டார். கழல வத்திப்போச்சு. ஒப்பரேசன் தேவையில்ல.”

கோயில் அதிர அல்லேலூயா சொன்னார்கள். சொன்ன அந்த நிமிசம் என் பயம் பறந்து போனது, அதையும் சொல்ல வேண்டும். சாராயம் உள்ளே இறங்கின மாதிரி ஒரு சூடு. அந்தச் சூட்டில் பாட்டெடுத்தேன், அப்படி நான் என்றைக்கும் பாடினதில்லை. எஸ்தர் மட்டும் பாடவில்லை. பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தாள்.

“எங்க வத்தினது? காட்டுங்க பாப்பம்.”

“விசுவாசத்தில சொன்னன் புள்ள.”

“விசுவாசமா? பேப்பட்ட பயந்தாங்கொள்ளி நீங்க. ஆர ஏமாத்துறீங்க? ஆண்டவருக்குக் கண் தெரியாதா?”

மறுநாளே பெரிய சைஸ் சேட்டு இரண்டு வாங்கினேன். கழுத்தில் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு, கேட்டவர்களுக்குச் சளி, தடிமன் என்றேன். சித்திரை வெயிலில் என்ன தடிமன்! குடுத்த திகதியில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எப்படிப் போவது? பையைத் தூக்கிக்கொண்டு நான் வார்டில் படுத்தால், சபை முழுக்கச் சொன்ன அல்லேலூயா என்ன ஆவது? ஆண்டவரின் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றினது என் பேரைத்தான். கழலை அதுபாட்டுக்கு வளர்ந்தது, சோறு விழுங்கும்போது தடுக்கத் தொடங்கியது.

இப்படி ஐந்து கிழமை போனது. ஒரு நாள் காலை பஸ் மட்டக்களப்புக்குப் போகும்போது செட்டிபாளையத்தில் ரூபி ரீச்சர் ஏறினார். அவர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், தனிக்கட்டை. நான் சாட்சி சொன்ன ஞாயிறு, தங்கச்சியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று எங்கள் கோயிலுக்கு வந்திருந்தார். ரிக்கற் வெட்டக் கிட்டப் போனபோது என் கையைப் பிடித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணன், உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்றது எண்டு தெரியல்ல. எனக்கும் மார்பில ஒரு கட்டி. கிளினிக்குக்குத் திரிஞ்சு பயந்து செத்துக்கொண்டிருந்தன். உங்கட சாட்சியக் கேட்டாப்போல கிளினிக்க விட்டுட்டன். உங்களுக்குச் செய்தவர் எனக்குச் செய்ய மாட்டாரா?”

நான் ரிக்கற்றைக் கிழித்துக் குடுத்தேன். “ஓம் ரீச்சர்” என்றேன். பின்கதவுக்குத் திரும்பிப் போனேன். இதையும் மறைக்காமல் எழுத வேண்டும், முதலில் நான் அப்படித்தான் செய்தேன். குருக்கள்மடத்தில் பஸ் நின்றது, ஆட்கள் ஏறினார்கள். நான் ‘றைட்’ சொல்லவில்லை. சாரதி சிவலிங்கம் கண்ணாடியில் பார்த்து, “என்ன மச்சான், நித்திரையா?” என்று கத்தினான். இந்த மனிசி செத்தால் அது என் வாயால்தான் என்ற எண்ணம் அப்போது வந்தது. குரல் போகுமே என்ற பயத்தை விடப் பெரிய பயம் அது. ஆண்டவரே, இதைச் சொல்லி முடிக்க மட்டும் பெலன் தாரும் என்று கேட்டேன். பல மாதத்துக்குப் பிறகு நான் ஒழுங்காகப் பண்ணின முதல் ஜெபம் அதுதான்.

முன்னுக்குப் போய் சால்வையைக் கழற்றினேன், கொலர் பட்டனைத் திறந்தேன்.

“ரீச்சர், பாருங்க. அப்பிடியேதான் கிடக்கு. முந்தியவிடப் பெரிசு. கோயில்ல நான் சொன்னது பொய்.”

ரீச்சரின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

“அப்ப என்னத்துக்கு அண்ணன் சொன்னீங்க?”

“பயத்தில.”

அவர் யன்னல் பக்கம் திரும்பி அழத் தொடங்கினார். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்லடிப் பாலம் தாண்டும்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், “நீங்க எப்ப போறீங்க?”

“இண்டைக்கே. பஸ் நிண்டதும்.”

“அப்ப நானும் வாறன்.”

போனோம். டொக்டர் பிள்ளை எனக்கு நல்ல ஏச்சுக் குடுத்தார். “ஐயா, இது பஸ் இல்ல, விட்டா அடுத்தது வரும் எண்டு நிக்க” என்றார். புதுத் திகதியும் குடுத்தார். ரீச்சரை அன்றைக்கே மற்ற கிளினிக்குக்கு அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிறு சபையில் எழும்பி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். பத்துச் சொல்லுக்குமேல் இராது. ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஒரு சிலர் வெளியில் வைத்து என்னோடு கதைக்காமல் போனார்கள், போகட்டும். பின்னேரம் போதகர் ஐயா வீட்டுக்கு வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்து நான் கதிரையின் நுனியில் இருந்தேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துப்போட்டுத்தான் கதைத்தார்.

“சாமுவேல், பிடிபட்ட இரவு ஆண்டவர் தோட்டத்தில என்ன செய்தவர் எண்டு யோசிச்சீரா? வேர்த்து ஒழுக, இது வேணாமே எண்டு கேட்டவர். கூட்டாளிமார முழிச்சு இரிக்கச் சொன்னவர். பயமில்லாத ஆள் மாதிரி நடிக்கல்ல. கேட்டுப்போட்டு மறுகா எழும்பிச் சிலுவைக்குப் போனவர். நீர் எழும்பிப் போனாக் காணும். பயம் கூட வந்தா வரட்டும்.”

அந்தக் கதையை நான் எத்தனை பெரிய வெள்ளியில் கேட்டிருப்பேன், அழுதும் இருக்கிறேன். ஆனால் அது என் கழுத்துக்கும் சேர்த்துச் சொன்னது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இவ்வளவு நாளும் ஒப்பரேசனை எடுத்துவிடும் என்று கேட்டேனே தவிர, ஒப்பரேசனுக்கு என்னோடு வாரும் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து அதைக் கேட்டேன். படபடப்பு நிற்கவில்லை, ஆனால் சோறு இறங்கியது.

வார்டில் இரண்டு நாள் முன்னமே படுக்க வேண்டியிருந்தது. மூக்கு வழியாக ஒரு சின்னக் கமராவை விட்டுக் குரல்நாண் இரண்டும் சரியாக அசைகிறதா என்று பார்த்தார்கள், வெட்டுக்கு முன் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டுமாம். சம்மதப் பத்திரத்தில் ஒப்பம் வைக்கும்போது என் பேரே கோணிப்போனது. எஸ்தர் விடிய எழும்பிச் சொதியும் இடியப்பமும் அவித்து, முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். பஸ்ஸை ஓட்டிவருகிற சிவலிங்கம், ஆஸ்பத்திரிக்குக் கிட்டடியில் வரும்போது மூன்று தரம் கோர்ன் அடிப்பான். அது எனக்குக் காலை வணக்கம். தாதி மிஸ்மார் அவனை ஏசுவார்கள், நான் போர்வைக்குள் சிரிப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் படுவான்கரையைச் சேர்ந்த ஒரு விவசாயி, வினாசித்தம்பி அண்ணன். குடலிறக்கத்துக்கு வெட்டுவதற்கு வந்தவர். வெட்டுப் பயத்தை விட, வட்டையில் நெல் விளைந்து நிற்கிறதே என்ற கவலைதான் அவருக்குப் பெரிது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒப்பரேசனுக்கு முதல்நாள் பின்னேரம் மெல்லக் கேட்டார்.

“தம்பி, நீ வேதக்காரன்தானே? உங்கட ஆக்கள் நோயாளிக்குச் செபம் செய்வாங்களாமே. எனக்கும் ஒண்டு செய்யன். பிள்ளையாருக்கும் நேந்திரிக்கன், அவர் கோவிக்க மாட்டார்.”

முந்தி என்றால் நீட்டி முழக்கியிருப்பேன். அன்றைக்கு அவரின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆண்டவரே, எங்கள் ரெண்டு பேருக்கும் பயமாக் கிடக்கு. நாளைக்கு எங்களோட நில்லும். டொக்டர்மார்ட கையப் பிடிச்சுக்கொள்ளும். ஆமென்” என்றேன்.

“முடிஞ்சா?”

“ஓம்.”

“சின்னன்தான். ஆனா எனக்கு விளங்கிச்சு” என்றுபோட்டுத் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை.

மறுநாள் வெறும் வயிற்றோடு தள்ளுவண்டியில் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். எஸ்தர் கதவுவரை வந்தாள். அழமாட்டேன் என்று சொல்லிவிட்டு அழுதாள். “பாட்டுப் போனாலும் பரவால்ல, ஆள் வாங்க” என்றாள். உள்ளே சரியான குளிர். என் பல் அடித்துக்கொண்டது. மயக்கமருந்து குடுக்கிற டொக்டர் ஊசியை ஏற்றிக்கொண்டே கேட்டார், “என்ன வேல ஐயா?”

“மட்டக்களப்பு – கல்முன பஸ் கொண்டக்டர்.”

“அப்ப மட்டக்களப்பில இருந்து ஒவ்வொரு ஹோல்ட்டாச் சொல்லுங்க பாப்பம்.”

ஆண்டவரே, நீர் முன்சீட்டில் இரும், நான் பின்னுக்கு நிக்கிறன் என்று மனதுக்குள் சொன்னேன். பிறகு வாயால் தொடங்கினேன். “கல்லடி... காத்தான்குடி... ஆரையம்பதி... தாளங்குடா... கிரான்குளம்... குருக்கள்மடம்...”

கண்ணைத் திறந்தபோது தொண்டையில் நெருப்பு, கழுத்தில் கட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் குழாய். டொக்டர் பிள்ளை குனிந்து நின்றார்.

“ஐயா, கேக்குதா? ஏதாவது ஒண்டு கதைங்க.”

நான் பயந்து பயந்து வந்ததெல்லாம் இந்த ஒரு நிமிசத்துக்குத்தான். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. இன்னொருதரம் முக்கினேன்.

“செட்டிபாளையம்” என்றேன். தகரத்தைச் சுரண்டின மாதிரி ஒரு சத்தம். டொக்டர் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார். மயக்கமருந்து டொக்டர்தான், “அடுத்த ஹோல்ட்டச் சொல்றார்” என்றார்.

அதன்பிறகு ஐந்து நாள் வார்டில். உதடும் விரல்நுனியும் விறைத்தால் உடனே சொல்லச் சொன்னார்கள். சுரப்பியை எடுத்தால் உடம்பில் கல்சியம் இறங்கலாமாம். ஒருநாள் விறைத்தது, மருந்து ஏற்றினார்கள், சரியானது. பரிசோதனை முடிவில் அது புற்றுநோய்தான் என்று வந்தது, ஆனால் சுரப்பிக்கு வெளியே போகவில்லை. இன்னும் ஆறுமாதம் சால்வையால் மூடி வைத்திருந்தால் வேறு கதை என்று டொக்டர் பிள்ளை முகத்துக்கு நேரே சொன்னார். இப்போது ஒவ்வொரு காலையும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, நேரத்துக்கு நேரம் கிளினிக். ஒரு திகதியும் தவறவிடுவதில்லை.

குரல் திரும்பி வந்தது, முழுக்க வரவில்லை. மேலே ஏற ஏலாது. ஏறினால் உடைகிறது. நான் திரும்பப் பாட்டெடுத்த முதல் ஞாயிறு, பழைய உயரத்தில் தொடங்கி இரண்டாம் சொல்லிலேயே உடைந்துபோனேன். வெட்கமாக இருந்தது. நிறுத்தி, கீழே, நன்றாகக் கீழே எடுத்தேன். சபை ஒரு கணம் தடுமாறியது. பிறகு எல்லாரும் என் குரலுக்கு இறங்கி வந்து பாடினார்கள். என்னோடு கதைக்காமல் போனவர்களும் பாடினார்கள். எஸ்தரும் பாடினாள்.

ரூபி ரீச்சருக்கும் புற்றுநோய்தான். ஒப்பரேசன் முடிந்து இப்போது மருந்து ஏற்றுகிறார்கள், தலைமயிர் கொட்டிவிட்டது. அவர் விட்ட ஐந்து கிழமையும் என் வாயால் போனது. அதற்கு ஆண்டவரிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேரும் தந்தார்கள். ஆனால் அந்த ஐந்து கிழமையைத் திருப்பிக் குடுக்க என்னால் ஏலாது. என்னால் ஏலுமானது, மருந்து ஏற்றுகிற நாளில் முன்சீட்டை அவருக்குப் பிடித்து வைப்பது. அதை ஒருநாளும் விட்டதில்லை.

போன கிழமையும் தலையில் சீலைத் துணியைக் கட்டிக்கொண்டு செட்டிபாளையத்தில் நின்றார். பஸ் நின்றது. படியில் ஒரு காலை வைத்துப்போட்டு ஏறாமல் நின்றுவிட்டார்.

“அண்ணன், இண்டைக்குச் சரியான பயமாக் கிடக்கு.”

அல்லேலூயா சொல்லவில்லை நான். கரைந்துபோகும் என்றும் சொல்லவில்லை.

“எனக்கும்தான் ரீச்சர். ஆண்டவர் எங்களோட வாறார். ஏறுங்க” என்று கையை நீட்டினேன். பிடித்து ஏறினார். இருந்தபிறகு பின்கதவுக்குப் போய், இந்தக் கரகரத்த தொண்டையால் ஏலுமான மட்டும் கத்தினேன்:

“றைட்!”